ஹாபென், ஹபேரே: உறவா, ஒப்புமையா?

நிலவறை:
ஜெர்மன் 'ஹாபென்', ஆங்கில 'ஹேவ்', லத்தீன் 'ஹபேரே'. மூன்றுக்கும் பொருள் 'வைத்திருத்தல்'. ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் லத்தீன் சொல்லுக்கும் மற்ற இரண்டுக்கும் உறவில்லை என்று அகராதிகள் சாதிக்கின்றன. இதை எப்படி நம்புவது?

ஏட்டுச்சுரைக்காய்:
ஒலி ஒத்துப்போவதுதான் ஐயா சிக்கலே! ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்த விதிப்படி, லத்தீனில் ககரம் நிற்கும் இடத்தில் ஜெர்மன், ஆங்கிலம் போன்ற ஜெர்மானிய மொழிகளில் ஹகரம் வரும். 'கொர்னு'வுக்கு ஹார்ன், 'கென்டும்'முக்கு ஹண்ட்ரட். அப்படிப் பார்த்தால் ஹேவுக்கு உடன்பிறப்பு 'கப்பெரே', அதாவது பிடித்தல். பிடித்தது கையில் தங்கினால் வைத்திருத்தல். ஹபேரேயின் ஹகரமோ ஜெர்மானியத்தில் 'தங்க'த்தில் ஒலிக்கும் ககரமாக வர வேண்டும், 'ஹோஸ்டிஸ்'சுக்கு கெஸ்ட் போல. அந்தத் தடத்தில் கிடைப்பது 'கிவ்'.

நிலவறை:
கொடுப்பதும் வைத்திருப்பதும் ஒரே வேரா? பேஷ்! ரோமானியரிடம் 'ஒயி'னையும் 'ஸ்ட்ரீட்'டையும் கடன் வாங்கியவர்கள் இந்த வினையையும் வாங்கியிருக்கலாமே?

ஏட்டுச்சுரைக்காய்:
ஒயின் சரக்கோடு வந்த பெயர். அன்றாட வினைகள் அப்படி எளிதில் கைமாறுவதில்லை. கோத்திக் ஒரு பழைய ஜெர்மானிய மொழி. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பேராயர் அதில் மொழிபெயர்த்த பைபிளில், வைத்திருத்தலுக்கு 'ஹபன்' இருக்கிறது. கூடவே தூக்குதலைக் குறிக்கும் 'ஹஃப்யன்' என்ற வினையும் உண்டு. அது கப்பெரேயின் தன்மை வடிவமான 'கப்பியோ'வோடு ஒலிக்கு ஒலி பொருந்துகிறது. ஹபனில் மட்டும் ஃப் ஏன் பகரமாக மெலிந்தது என்பதற்கு, பழைய அழுத்தம் பின்னசையில் விழுந்ததே காரணம் என்று டென்மார்க் மொழியியலாளர் கார்ல் வெர்னர் 1870களில் காட்டிவிட்டார். 'கிவ்' விஷயத்தில் நகைக்க வேண்டாம். அதே வேர் பழைய ஐரிஷ் மொழியில் 'எடுத்தல்' என்று பொருள்படுகிறது.

வேர்ப்பலா:
குறுக்கிடுகிறேன். ஹபேரேயின் ஏகாரமும் கோத்திக் ஹபனின் முன்னிலை வடிவமான 'ஹபைஸ்'ஸின் ஐகாரமும் நிலையைக் குறிக்கும் ஒரே பழைய விகுதியின் வாரிசுகள் என்பது பரவலான கருத்து. பேசாதிருத்தலுக்கு லத்தீனில் 'தகேரே', கோத்திக்கில் 'தஹன்' என்பதிலும் இதே இணை. விகுதி பொது, வேர் வேறு. நிலவறை கண்ட ஒற்றுமையில் பாதிக்கு இதுவே காரணம்.

நிலவறை:
பாதியாவது தேறியதே! வேரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பயன்பாட்டுக்கு வருகிறேன். 'உண்டிருக்கிறேன்' என்பதற்கு ஹேவைத் துணைவினையாக்கும் வழக்கம் வுல்ஃபிலாவின் கோத்திக்கில் இல்லை. பின்னாளில் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் அது வேரூன்றியது. லத்தீன் வழிவந்த பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் ஹபேரே அதே வேலையைச் செய்கிறது. இதற்கும் கிரிம் விதி உண்டா?

ஏட்டுச்சுரைக்காய்:
அது இலக்கணக் கடன் பற்றிய கேள்வி. தனித் திரி தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.