அரசு அறிவிப்புகளை எளிய தமிழில் எழுதும்போது எங்கே தவறு நேர்கிறது?

மடல்பொறுப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் நான் வசிக்கும் ஊரின் தமிழ்ச் சங்க மாத மடலில் இரண்டு பக்கங்கள் என் பொறுப்பில் உள்ளன. பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெற்றோர்களுக்காகவும், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும் அரசாங்க ஆங்கிலத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுகிறவர்களுக்காகவும், கூட்டாட்சி அரசின் துறைகள் வெளியிடும் அறிவிப்புகளை அதில் சுருக்கித் தருகிறேன். குடியேற்றம், வருமான வரி, அரசு ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டி, முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஆகிய நான்கைச் சுற்றியே பெரும்பாலும் எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு பிழை செய்துவிட்டேன். கூட்டாட்சி அரசின் அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வந்த ஓர் ஆவணத்தைப் படித்து, இனி இதுதான் நடைமுறை என்ற தொனியில் எழுதினேன். அது பொதுமக்களின் கருத்தைக் கேட்பதற்காக வெளியிடப்பட்ட வரைவு மட்டுமே என்பது, மடல் போன மறுநாள் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்து, "அப்படியானால் நாங்கள் போன வாரம் அனுப்பிய விண்ணப்பம் செல்லாதா, அம்மா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுப்புச் செய்தி அனுப்பினேன். ஆனால் முதல் செய்தி வாட்சப்பில் போன தூரத்துக்கு மறுப்பு போகவில்லை.

ஓர் அறிவிப்பைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், எளிமைப்படுத்தும்போது எதை விட்டுவிடக் கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

அரசிதழ்வாசகன்:

ஃபெடரல் ரெஜிஸ்டர் ஆவணங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதலில் துறையின் பெயர் இருக்கும். அதற்கு அடுத்ததாக "ஆக்‌ஷன்" என்ற தலைப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு வரி இருக்கும். பிறகுதான் சுருக்கமும் தேதிகளும் முகவரியும் வரும். எல்லோரும் சுருக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். நீங்கள் தவறவிட்டதும் அந்த ஒரு வரியைத்தான் என்று நினைக்கிறேன். அங்கே முன்மொழியப்பட்ட விதி என்று இருந்தால் எதுவும் மாறவில்லை. இறுதி விதி என்று இருந்தால், தேதிகள் பகுதியில் நடைமுறைக்கு வரும் நாள் குறிக்கப்பட்டிருக்கும். 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, வெளியான நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில், கருத்தும் கேட்டுக்கொண்டு நடைமுறைக்கும் வந்துவிடுகிற இடைக்கால இறுதி விதி என்று ஒன்று உண்டு. கருத்துக் கேட்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்து அதை வரைவு என்று எழுதிவிட்டால், உங்கள் பிழை தலைகீழாக நேரும்.

வரைவுக்கும் இறுதிக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ளக் குடியேற்றக் கட்டணங்களைப் பாருங்கள். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டு கோரும் ஐ-485 படிவத்துக்கு 1,540 டாலர் என்று 2023 ஜனவரி 4 அன்று வெளியான வரைவு முன்மொழிந்தது. 2024 ஜனவரி 31 அன்று இறுதி விதி வந்தபோது அது 1,440 டாலராகக் குறைந்திருந்தது. நடைமுறைக்கு வந்ததோ 2024 ஏப்ரல் 1. அந்த வரைவைப் படித்துவிட்டு "கட்டணம் 1,540 டாலர்" என்று 2023-இல் எழுதியவர் தொகையிலும் தவறினார், காலத்திலும் ஏறக்குறைய பதினைந்து மாதங்கள் முந்திக்கொண்டார்.

இன்னொரு வகை அறிவிப்பும் உங்களைக் குழப்பக்கூடும். எந்தத் துறையும் தன் படிவத்தைத் திருத்தவோ, அதே படிவத்தைத் தொடர்ந்து பயன்படுத்தவோ அனுமதி பெறுவதற்காக, காகிதச் சுமைக் குறைப்புச் சட்டப்படி முதலில் 60 நாளும் பிறகு 30 நாளும் கருத்துக் கேட்டு அறிவிப்பு வெளியிடும். அவற்றில் பல, படிவத்தில் பெரிய மாற்றம் எதையும் செய்வதில்லை. "புதிய விதி வருகிறது" என்று இவற்றையும் பகிர்ந்துவிடுகிறார்கள்.

2023-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, முன்மொழியப்படும் ஒவ்வொரு விதிக்கும் 100 சொற்களுக்கு மிகாத எளிய நடைச் சுருக்கம் ஒன்றை, பொதுமக்கள் கருத்துப் பதியும் ரெகுலேஷன்ஸ்.கவ் தளத்தில் வைக்க வேண்டும். எளிய நடை என்ற பெயரில் அங்கே இருப்பது சில சமயம் எளிதாக இருப்பதில்லை. ஆயினும் நீங்கள் எழுதியதைச் சரிபார்க்க அது போதும்.

கணக்குப்பிள்ளை:

மேலே சொன்னது ஊருக்கெல்லாம் பொதுவான அறிவிப்பு. தனி மனிதருக்கு வீட்டுக்கு வரும் கடிதம் வேறு சாதி. அதை விளக்குவதில்தான் உண்மையான சேதம் நேர்கிறது. வரித்துறையான ஐஆர்எஸ் அனுப்பும் சிபி 2000 என்ற கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியோ வங்கியோ பங்குத் தரகரோ அரசுக்குத் தெரிவித்த தொகையும், நாம் கணக்கில் காட்டிய தொகையும் ஒத்துப்போகாதபோது அது வருகிறது. கணினி நிறுவனங்களில் வேலை செய்யும் நம்மவர்கள் பலருக்கும் வருவதற்குக் காரணம், பங்கு விற்ற முழுத் தொகை மட்டும் ஐஆர்எஸ் கையில் இருக்க, அதை வாங்கிய விலை அவர்களிடம் இல்லாமல் போவதுதான். விற்ற தொகை முழுவதையும் இலாபமாகக் கொண்டு வரி போட்டால், கடிதத்தில் உள்ள எண்ணைப் பார்த்தவருக்குத் தூக்கம் போய்விடும்.

அந்தக் கடிதம் பில் அன்று. தன் கணக்குப்படி இவ்வளவு கூடுதல் வரி வருகிறது, ஒப்புக்கொள்கிறீர்களா என்று ஐஆர்எஸ் கேட்கிறது. உடன்படவில்லை என்று குறித்து ஆதாரத்தோடு திருப்பி அனுப்பவும் அதிலேயே இடம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதை விளக்கிய நண்பர், "உங்கள் தொகை சரிசெய்தலுக்கு உட்படுத்தப்பட உத்தேசிக்கப்பட்டுள்ளது" என்று நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் புரிந்தது "உட்படுத்தப்பட்டது" என்ற பகுதி மட்டுமே. அன்றிரவே பணத்தைக் கட்டிவிட்டார். பிறகு திருத்தக் கணக்கு அனுப்பி அதைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் ஆயிற்று. இதையே, "இவ்வளவு வரி பாக்கி என்று ஐஆர்எஸ் நினைக்கிறது. இன்னும் முடிவு செய்யவில்லை. தவறு என்றால், கடிதத்தில் உள்ள தேதிக்குள் எழுதிச் சொல்லுங்கள்" என்று கூறியிருக்கலாம்.

அதே சமயம், பில் அன்று என்பதோடு நிறுத்திவிடவும் கூடாது. பதில் போடாமல் விட்டால் அடுத்து வருவது, கூடுதல் வரியை முறைப்படி தீர்மானித்துச் சொல்லும் பற்றாக்குறை அறிவிப்பு. அதை எதிர்த்து வரி நீதிமன்றத்துக்குப் போக 90 நாள்தான். மெடிகேர் அனுப்பும் சுருக்க அறிவிப்பிலும் "இது பில் அன்று" என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் மறுக்கப்பட்ட செலவு அதில் இருந்தால், மேல்முறையீட்டுக்கான கெடுவும் அதே தாளில்தான் அச்சாகியிருக்கும்.

கெடு என்றால், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சோஷியல் செக்யூரிட்டியின் பெரும்பாலான முடிவுகளை எதிர்த்து முறையிட, கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 60 நாள்; கடிதத்தில் உள்ள தேதிக்கு ஐந்தாம் நாள் அது கைக்கு வந்துவிட்டதாக அவர்களே கொள்வார்கள், இல்லையென்றால் நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஐஆர்எஸ் கடிதத்தில் அந்தக் கணக்கே வேண்டாம், கடைசி நாள் என்று அச்சிட்டதை அப்படியே எடுத்து எழுதிவிடலாம்.

நடுவாசல்:

நான் மாறுபடுகிறேன். விளக்கவே வேண்டாம், தலைப்பும் இணைப்பும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே பாதுகாப்பு. குடியேற்ற விஷயத்தில் சட்ட ஆலோசனை தர, வழக்கறிஞருக்கும் அரசின் நீதித் துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) அங்கீகரித்த பிரதிநிதிக்கும் மட்டுமே உரிமை உண்டு. நாளைக்கு ஒருவர் உங்கள் மடலைக் காட்டி, "இதை நம்பித்தான் செய்தேன்" என்றால் என்ன பதில் சொல்வீர்கள்?

சொல்வேலை:

நடுவாசல் சொல்லும் எல்லைக்கோடு சரியானதே. விதி என்ன சொல்கிறது என்று எழுதலாம். உங்கள் நிலைமைக்கு எந்தப் படிவம் பொருந்தும் என்று ஒருவரிடம் சொல்லக் கூடாது. ஆனால் இணைப்பு மட்டும் கொடுப்பதில் பயன் இல்லை. அந்த இணைப்பைத் திறந்து படிக்க முடிந்தவருக்கு இந்த மடலே தேவையில்லை. எளிய எழுத்துச் சட்டம் 2010 அக்டோபர் 13 முதல் இருக்கிறது. ஆனால் சலுகை பெறுவதற்கும் வரி செலுத்துவதற்கும் வேண்டிய கடிதங்களையும் படிவங்களையும் அது கட்டுப்படுத்துகிறதே தவிர, விதிகளின் வாசகத்தை அது தொடுவதில்லை. மீறினால் நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லை. ஆகையால் யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், நம் மொழியிலேயே இருக்கும் இரண்டு கண்ணிகளைச் சொல்கிறேன். முதலாவது "லாம்" விகுதி. "துறை விண்ணப்பத்தை மறுக்கலாம்" என்று எழுதினால், மறுக்க அதிகாரம் உண்டு என்றும் கொள்ளலாம், மறுத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்றும் கொள்ளலாம். பயந்திருக்கும் வாசகர் இரண்டாவதையே எடுத்துக்கொள்வார். "மறுக்கும் அதிகாரம் துறைக்கு உண்டு" என்று எழுதுங்கள். ஆங்கிலத்தின் "மே நாட்" இன்னும் மோசம். விதிகளில் அதன் பொருள் பெரும்பாலும் "கூடாது" என்பதே. "வேலை செய்யாமல் இருக்கலாம்" என்று ஒருவர் அதைப் பெயர்த்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். படித்தவர் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டால் அவர் கதி என்னவாகும்?

இரண்டாவது கண்ணி வாக்கியத்தின் அமைப்பு. ஆங்கில விதி முதலில் கட்டளையைச் சொல்லிவிட்டு, விலக்குகளை வால்போல நீட்டிக்கொண்டு போகும். அதை ஒரே வாக்கியமாகத் தமிழுக்குக் கொண்டுவந்தால், விலக்குகள் அனைத்தும் முன்னால் வந்து குவிந்து, செய்ய வேண்டுமா வேண்டாமா என்பதைச் சொல்லும் வினைமுற்று கடைசியில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே போய்ச் சேர்வதற்குள் வாசகர் தொடக்கத்தை மறந்திருப்பார். கட்டளையை ஒரு சிறு வாக்கியமாக முடித்துவிட்டு, "இது யாருக்குப் பொருந்தாது என்றால்" என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள். இடம் போதவில்லை என்று விலக்கை வெட்டிவிடாதீர்கள். உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் அந்த விலக்குக்குள்தான் இருப்பார்கள்.

சில சொற்களைப் பெயர்க்காமல் விடுவதே நன்று. "ரெசிடென்ட்" என்பதைக் "குடியிருப்பாளர்" என்று எழுதினால், வரிச் சட்டத்தின் ரெசிடென்டும் குடியேற்றச் சட்டத்தின் ரெசிடென்டும் ஒன்றாகிவிடுகிறார்கள். கிரீன் கார்டு இல்லாமல், ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் ஊழியர், நாட்டில் தங்கிய நாள் கணக்கின்படி, வரிக்கு ரெசிடென்டாக இருப்பது சாதாரணம். அதுபோலவே, விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று மட்டும் தெரிவிக்கும் ஐ-797சி தாளை "ஒப்புதல்" என்று சொல்லிவிடாதீர்கள். தமிழில் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சீட்டும் ஒப்புதல்தான், அனுமதியும் ஒப்புதல்தான். "பெற்றுக்கொண்ட ரசீது" என்றால் குழப்பம் இல்லை.

மடல்பொறுப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. அடுத்த மடலுக்கான முதல் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

"இது வரைவு. இன்று எதுவும் மாறவில்லை; அனுப்பிய விண்ணப்பத்துக்கு எதுவும் செய்ய வேண்டாம். இந்த வரைவைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புவோர், கீழே உள்ள தேதிக்குள் ரெகுலேஷன்ஸ்.கவ் தளத்தில் பதியலாம்."

இதில் ஏதேனும் குறை உண்டா?

அரசிதழ்வாசகன்:

இரண்டு சேர்க்கைகள். அங்கே பதியும் கருத்தை உலகமே படிக்கும். ஆகவே சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ தங்கள் வழக்கின் விவரங்களையோ அதில் எழுத வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள். தேதிக்குப் பக்கத்தில் நேரத்தையும் குறிப்பிடுங்கள். கடைசி நாள் முடிவது கிழக்குக் கரை நேரப்படி இரவு 11.59-க்கு. கலிஃபோர்னியாவில் இருக்கும் உறவினருக்கு யாராவது உங்கள் மடலை அனுப்பினால், அவருக்கு அது இரவு 8.59.

சொல்வேலை:

"பதியலாம்" இருக்கட்டும். இங்கே அது உண்மையிலேயே விருப்பம்தான்.