கிராண்ட் விண்ணப்பத்தில் ஊர்க் கணக்கையும் சொல்லிவிடுங்கள்

போஸ்ட்டாக்காகவோ (பிஎச்டி முடித்த ஆய்வாளர்) உதவிப் பேராசிரியராகவோ அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் கிராண்ட், அதாவது ஆராய்ச்சி நிதி விண்ணப்பம் எழுதும்போது அறிவியல் பக்கங்களை மாதக்கணக்கில் செதுக்கிவிட்டு, பயோஸ்கெட்சையும் ‘கரண்ட் அண்ட் பெண்டிங்’ படிவத்தையும் கடைசி நாள் ராத்திரி நிரப்புகிறவர்கள்தான் அதிகம். பல்கலைக்கழக கிராண்ட் அலுவலகத்தில் எனக்குத் தினமும் இந்தப் படிவங்களோடுதான் வேலை. நம்மவர்கள் எதையாவது விட்டிருந்தால், விசாரித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் வரும் பதில்: “அதெல்லாம் ஒரு விஷயமான்னு நினைச்சேன்.”

பயோஸ்கெட்ச் நீங்கள் யார் என்று கேட்கிறது: படிப்பு, பதவிகள், வெளியீடுகள். மற்றது உங்கள் நேரமும் வசதிகளும் எங்கெல்லாம் கட்டுப்பட்டிருக்கின்றன என்று கேட்கிறது. அறிவியலுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்எஸ்எஃப்பில் அதற்குப் பெயர் கரண்ட் அண்ட் பெண்டிங், மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் என்ஐஎச்சில் அதர் சப்போர்ட். இரண்டையும் சயன்சிவி என்ற இணையதளத்தில் தயாரிக்க வேண்டும். முன்பு என்எஸ்எஃப்புக்கு மட்டும் இருந்த கட்டாயம் 2026 ஜனவரியிலிருந்து என்ஐஎச்சுக்கும் வந்துவிட்டது.

பதவிகளில் இருந்து தொடங்குகிறேன், சறுக்கல் அதிகம் நடப்பது அங்கேதான். சம்பளம் வருகிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. பகுதி நேரம், கௌரவப் பதவி, வருகைப் பேராசிரியர், அட்ஜங்க்ட் எல்லாமே பட்டியலில் வர வேண்டும். படித்த கல்லூரி “சும்மா பேரு மட்டும் இருக்கட்டும் சார்” என்று தங்கள் இணையதளத்தில் உங்களை அட்ஜங்க்ட் என்று போட்டிருந்தால் அதுவும் ஒரு பதவிதான். கூகுளில் உங்கள் பெயரைத் தட்டினால் முதல் பக்கத்தில் அது வரும். படிவத்தில் இல்லை என்றால் பார்க்கிறவருக்கு எப்படித் தோன்றும்?

இதில் எளிதில் மறந்துபோவது லீன், அதாவது விடுப்பில் வந்தாலும் பழைய வேலைக்குத் திரும்பும் உரிமை. தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கல்லூரியில் லீன் வைத்துவிட்டு வந்தவர்கள், யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ விரிவுரையாளர் பதவியில் இருந்தபடி படிப்பு விடுப்பில் வந்தவர்கள், ஊரை விட்டு வந்தாயிற்று என்றே நினைக்கிறார்கள். காகிதத்தில் நீங்கள் இன்னும் அங்கே ஊழியர். பதவிப் பட்டியலில் அது வரத்தான் வேண்டும். விடுப்பில் சம்பளமும் வருகிறது என்றால் அதை எந்தப் படிவத்தில் எப்படிக் காட்டுவது என்று அலுவலகத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அப்புறம் பெயர். நம் இனிஷியல் இந்த ஊர் மென்பொருளைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ஊரில் வெளியான கட்டுரையில் “எம். இளங்கோ”, பாஸ்போர்ட்டில் “இளங்கோ முருகேசன்”, சிலருக்கு ஒரே பெயர் என்பதால் விசாவில் முன்பெயர் இடத்தில் “எஃப்என்யு” (முன்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). ஒரே ஆள் மூன்று ஆளாகத் தெரிவார். வந்த வாரமே ஆர்கிட் எண் (ஆய்வாளர்களுக்கான தனி அடையாள எண்) எடுத்து, பெயரின் எல்லா வடிவங்களையும் அதில் சேர்த்து, பழைய கட்டுரைகளை இணைத்துவிடுங்கள். இலவசம்தான், அரை மணி நேர வேலை. அந்தப் பதினாறு இலக்க எண்ணைத்தான் சயன்சிவியும் கேட்கும்.

இப்போது சப்போர்ட் படிவம். இங்கே நாணயம் டாலர் இல்லை, பர்சன் மன்த், அதாவது ஓர் ஆள் ஒரு மாதம் செய்யும் வேலை. பன்னிரண்டு மாத வேலையில் ஒரு திட்டத்துக்கு 10 சதவீத நேரம் என்றால் 1.2 மாதம். உங்கள் ஊர்ப் பேராசிரியரோடு சேர்ந்து இந்திய அரசின் நிதியில் ஒரு கூட்டுத் திட்டம் ஓடுகிறது, அதில் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கூகுள் மீட்டில் பேசுகிறீர்கள், மாணவரின் தரவைத் திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் வராவிட்டாலும் நேரம் போகிறது. வார விடுமுறையில்தானே என்ற கணக்கு செல்லாது. ஆண்டுக்கு எத்தனை நாள் என்று நேர்மையாகக் கூட்டி அதைப் போடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் விஞ்ஞானிகளை இந்திய நிறுவனங்களோடு இணைக்கும் வஜ்ரா, வைபவ் போன்ற இந்திய அரசுத் திட்டங்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நேரடியான விஷயம். வஜ்ராவின் மதிப்பூதியம் முதல் மாதத்துக்கு 15,000 டாலர், அடுத்த மாதங்களுக்கு 10,000 டாலர். வைபவில் மாதம் 4 லட்சம் ரூபாய். இரண்டிலும் வருடத்தில் ஓரிரு மாதமாவது அங்கே போய் இருக்க வேண்டும். பதவி, நேரம், பணம் மூன்றும் இருப்பதால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இங்குள்ள பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்குங்கள். வெளிநாட்டு ஒப்பந்தங்களின் நகலை என்ஐஎச் கேட்கும்; ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்த்துத் தர வேண்டும்.

சொல்லத் தேவையில்லாதவையும் உண்டு. லேப் தொடங்க உங்கள் பல்கலைக்கழகம் தந்த ஸ்டார்ட்அப் தொகையை என்எஸ்எஃப்புக்குக் காட்ட வேண்டாம். அதே தொகை வேறு நிறுவனத்திலிருந்து வந்தால் காட்ட வேண்டும். எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்த உண்மையான அன்பளிப்பும் படிவத்தில் வராது.

போஸ்ட்டாக்குகள் “கிராண்ட் எழுதுறது பிஐ (லேபை நடத்தும் பேராசிரியர்), எனக்கென்ன” என்று இருந்துவிடாதீர்கள். இந்திய அரசின் உதவித்தொகையிலோ ஐரோப்பிய ஃபெலோஷிப்பிலோ சம்பளத்தைக் கையோடு கொண்டு வந்து இங்கே ஒரு லேபில் சேர்ந்திருந்தால், அந்த லேபுக்கு நீங்களே ஒரு வெளி உதவி. உங்கள் பிஐ தன் அதர் சப்போர்ட்டில் உங்களைக் காட்ட வேண்டியிருக்கும். பல பிஐக்களுக்கு இது தோன்றாது. நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டு நினைவூட்டுங்கள், கோபப்பட மாட்டார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 2021 ஜனவரியில் வந்த ஜனாதிபதி ஆணை எல்லாத் துறைகளும் ஒரே மாதிரி விவரம் கேட்க வழி செய்தது. 2022 சிப்ஸ் அண்ட் சயன்ஸ் சட்டம் சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா ஆகிய நாடுகளின் தீங்கான ஆள்சேர்ப்புத் திட்டங்களில் இருப்பவர்களுக்குக் கதவை மூடியது. அந்த வரிசையில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. அதனால் தடை இல்லை என்று அர்த்தம், சொல்ல வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஹார்வர்டு வேதியியல் துறைத் தலைவராக இருந்த சார்லஸ் லீபர், வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் தொடர்பைப் பற்றிப் பொய் சொன்னதற்காக 2021 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பானார். அவருக்குச் சீனாவோடு தொடர்பு வைத்ததற்காக வழக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். பொய் வாக்குமூலத்துக்கும் வரி விவகாரத்துக்கும்தான் தண்டனை. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பன்னிரண்டு பேராசிரியர்களின் வெளிநாட்டு நிதியைச் சொல்லாமல் விட்டதான குற்றச்சாட்டைத் தீர்க்க 19 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது.

தனிச்செய்தியில் வந்த கேள்விகள் சில.

“இதையெல்லாம் சொன்னால் மதிப்பெண் குறையுமா?” என்ஐஎச்சில் பெரும்பாலான கிராண்டுகளுக்கு அதர் சப்போர்ட் கேட்பதே, மதிப்பீடு முடிந்து நிதி கிடைக்கும் வாய்ப்பு வந்த பிறகுதான். மதிப்பெண் போடுகிறவர் கண்ணில் அது படாது. அதிகாரி பார்ப்பது ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குகிறீர்களா, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நேரத்தை விற்றுவிட்டீர்களா என்பதை.

“மச்சான் கோயம்புத்தூரில் பயோடெக் கம்பெனி வைத்திருக்கிறான், என்னை டைரக்டராகப் போட்டிருக்கிறான்.” உங்கள் துறை சார்ந்த கம்பெனி என்றால் பதவியாகக் காட்டுங்கள். பங்கும் வருமானமும் தனியாக இருக்கும் நிதி முரண்பாட்டுப் படிவத்தில் வரும். என்ஐஎச் நிதிக்கு வருமானத்தின் வரம்பு 5,000 டாலர், கணவன் மனைவி பெயரில் இருப்பதும் சேர்த்து; பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி என்றால் பங்கு எவ்வளவு இருந்தாலும் காட்ட வேண்டும். இன்னொன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றி வாங்கும் பணத்துக்கு அங்கே விலக்கு உண்டு. சென்னையில் ஆற்றும் உரைக்கு அந்த விலக்கு கிடையாது.

“சிட்டிசன் இல்லாமல் விண்ணப்பிக்கலாமா?” போஸ்ட்டாக்கிலிருந்து பேராசிரியராக மாற உதவும் என்ஐஎச்சின் கே99 கிராண்டுக்கு எச்1பியில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். அதன் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பான எஃப்32க்கு க்ரீன் கார்டாவது வேண்டும்.

“போன வருடம் கொடுத்ததில் ஒன்றை விட்டுவிட்டேன்.” இன்றைக்கே உங்கள் கிராண்ட் அலுவலகத்துக்குப் போங்கள். நீங்களாக என்எஸ்எஃப் அதிகாரிக்கு எழுதாதீர்கள். பல்கலைக்கழகம்தான் திருத்த வேண்டும், விடுபட்டது தெரிந்ததிலிருந்து 30 நாள் அவகாசம். தானாக வந்து சொன்ன விடுதல்களை நாங்கள் அடிக்கடி திருத்தி அனுப்புகிறோம், அது வழக்கமான வேலைதான். வரும்போது நியமனக் கடிதம், ஒப்பந்தம், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எடுத்து வாருங்கள். இல்லையென்றால் “அடுத்த வாரம் வாங்க” என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், அந்த வாரமும் முப்பதில் கழியும்.

மற்றக் கேள்விகளைக் கீழே கேளுங்கள். ஒன்று மட்டும்: கிராண்ட் எண்ணையும் பிஐ பெயரையும் அதில் போட வேண்டாம்.