புதுப்பிப்பு: அக்வாவுக்கு எந்த ஏசி ஒயில்?

போன மாதம் கேட்டிருந்தேன், கம்ப்ரஸர் மாற்றும்போது என் டொயோட்டா அக்வா ஹைப்ரிட் காருக்கு பி.ஏ.ஜி. 46 வகை ஒயில் ஊற்றலாமா என்று. ஊற்றவே கூடாது. அது பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸருக்கு. ஹைப்ரிட்டில் மோட்டார் கம்ப்ரஸருக்குள்ளேயே ஒயிலில் நனைந்தபடி உயர் மின்னழுத்தத்தில் சுற்றுவதால், மின்சாரம் கசியவிடாத பி.ஓ.ஈ. வகைதான் வேண்டும், டென்சோ கம்பனி கம்ப்ரஸர் என்றால் என்டி 11 என்ற ஒயில். பி.ஏ.ஜி. கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு குறைந்து மின்கசிவைக் காட்டும் பி0ஏஏ6 என்ற பிழைக் கோட் விழலாம், வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம்.

நுவரெலியாவில் முதலில் போன கராஜில் எல்லா வண்டிக்கும் ஒரே டின்தான், அதுவும் மூடி திறந்தபடி. இந்த ஒயில் ஈரத்தை உறிஞ்சும், நம்ம ஊர் பனியில் கேட்கவே வேண்டாம். திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் கண்டியில் செய்தேன். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் பழைய கம்ப்ரஸரைக் கவிழ்த்து, கறுத்துப்போய் வடிந்த ஒயிலை அளவு கிளாஸில் பார்த்து, புதியதிலும் அதே அளவை மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தை வடித்தார். ஏனென்றால் புதிய கம்ப்ரஸர் முழு ஒயிலோடு வருகிறது, பழையது பைப்பிலும் தங்கியிருக்கும். ஏசி கேஸ் நிரப்பும் மெஷினில் பி.ஏ.ஜி. மிச்சம் இல்லையா என்றும் கேளுங்கள்.

நேற்று ராம்பொடையில் நல்ல மூடுபனி. ஏசி போட்டதும் முன்கண்ணாடி சட்டென்று தெளிந்தது.