ஓடையில் எங்களுக்கு முன்னால் தோண்டியவர்

காட்டு வேலை அனுபவம் எழுதச் சொன்னால் எல்லோரும் புலிக் கதை எழுதுகிறீர்கள். ஐந்து சீசன் காட்டில் கனிமச் சர்வே பார்த்தும் நான் புலி வாலைக்கூடப் பார்த்ததில்லை. என்னிடம் இருப்பது யானைக் கதை. அதிலும் யானை முழுசாக வராது.

2008 ஏப்ரல், மோயாறு பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா பக்கம். பக்கத்துச் சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகம் ஆனது பிறகுதான், 2013ல். எங்களுக்கு ஓடை வண்டல் எடுக்கிற வேலை. மேப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு மாதிரி. மலையில் எங்கே செம்போ குரோமியமோ இருந்தாலும் மழை அதைத் துளியாவது ஓடைக்கு இறக்கிவிடும். ஒவ்வொரு பாறையாக உடைத்துப் பார்க்க வேண்டாம். ஆனால் பித்தளைச் சல்லடை ஆகாது, அதிலிருக்கும் செம்பும் துத்தநாகமும் மாதிரியில் ஏறிவிடும். மோதிரமும் கூடாது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன்.

வழிகாட்ட வந்தவர் ஓர் இருளர் பெரியவர். பத்தடிக்கு ஒருமுறை சிட்டிகைப் புழுதி தூவிக் காற்றுப் பார்ப்பார். அன்று ஓர் ஓடைக்குப் போனால், மணலில் யாரோ முன்பே தோண்டியிருக்கிறார்கள். முழங்கை ஆழம், அடியில் தண்ணீர். வேறு டீம் வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று எனக்கு எரிச்சல். பெரியவர் குனிந்து பார்த்தார்.

"கலங்கல் இன்னும் தெளியல சார். இப்பத்தான் குடிச்சிருக்கு."

குழியின் ஓரத்தில் மணல் அப்போதும் சரிந்துகொண்டிருந்தது. ஜிபிஎஸ்ஸில் என் புள்ளிக்கு இன்னும் நாற்பது மீட்டர். "எட்டிப் பார்த்துட்டு வந்துடலாமே ஐயா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் என் பெல்ட்டில் தொங்கிய சுத்தியலை உருவிச் சத்தம் வராதபடி துணியில் சுற்றினார். அப்போதுதான் உன்னிப் புதருக்குள்ளிருந்து வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஓர் உறுமல். அப்புறம் மாதிரியாவது மண்ணாவது, வந்த வழியே ஓட்டம்தான்.

நோட்டில் 'மாதிரி இல்லை, காரணம்: யானை' என்று எழுதினேன். இது தொழில்நுட்பக் காரணமா என்று மேலதிகாரி கேட்டார்.

—

இன்னொருவர் பதில்: நான் ஜார்க்கண்டின் சாரண்டாக் காட்டில் இரும்புத் தாதுக்கு டிரில்லிங் பார்த்தவன். யானைக்குப் பயந்து ராத்திரி முழுக்கத் தீ மூட்டி உட்கார்ந்திருப்போம். கடைசியில் எங்களைக் கவிழ்த்தது கரையான். துளையிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை ஆழ வரிசைப்படி அடுக்கிய மரப்பெட்டிகளின் அடியை ஒரே மழைக்காலத்தில் தின்றுவிட்டது. தூக்கினால் பொலபொலவென்று கொட்டுகிறது. எது எத்தனையாவது மீட்டர் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் துளையை மறுபடி போட்டோம்.

அது சரி, மோதிரம் என்னாச்சு?

—

யானைக் கதை எழுதியவர்: அந்த ஓட்டத்தில் போனதுதான். இன்னும் அந்த ஓடையில்தான் கிடக்கும். அடுத்து யாராவது அங்கே வண்டல் எடுத்துத் தங்கம் காட்டினால், தயவுசெய்து டிரில்லிங்குக்கு எழுதிப் போட்டுவிடாதீர்கள்.