உதவி: கார் ரேஸ் கேமுக்கு வாங்கிய புது ஸ்டீயரிங் வீல் நேர் ரோட்டில் தானாக ஆடுகிறது

கோத்தகிரிப் பையன்:
அவசரம். வீல் வந்து மூன்று நாள் ஆகிறது. நேர் ரோட்டில் 200-ஐத் தாண்டியதும் இடமும் வலமுமாகத் தானே வெட்டுகிறது. வளைவில் கையைப் பிடுங்குகிறது. கேம்பேடில் இதே காரை ஒழுங்காகத்தான் ஓட்டினேன். ஞாயிறு இரவு நண்பர்களோடு ரேஸ். திருப்பி அனுப்பிவிடலாமா?

பனிமூட்டம்:
எந்த மாதிரி வீல்? எந்த கேம்? பிசியா, கன்சோலா?

குன்னூர் வோல்ட்டேஜ்:
கரண்ட்தான் காரணம். மழை பிடித்தால் எங்கள் தெருவில் பல்பே மினுக்குகிறது, வீலை இழுக்கும் மோட்டார் எப்படி நிற்கும்? ஸ்டெபிலைசர் வையுங்கள்.

பனிமூட்டம்:
அடாப்டரின் முதுகைப் பாருங்கள், 100-240 என்று போட்டிருந்தால் அந்தக் கவலை வேண்டாம்.

பழைய பெருச்சாளி:
மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி, கேம்பேடில் உங்கள் கட்டைவிரல் அசைவை கேமே மெதுவாக்கி, வேகத்துக்குத் தக்கபடி குறைத்துத்தான் காருக்குக் கொடுக்கும். இத்தனை நாள் பாதி ஓட்டியது அதுதான், நீங்கள் இல்லை. வீலில் அந்தச் சலுகை கிடையாது. திருப்பி அனுப்ப வேண்டியது வீலை அல்ல.

கோத்தகிரிப் பையன்:
பிசி. கேம் அசெட்டோ கோர்சா, டிராக் மோன்சா. மோட்டார் பல்சக்கரம் வழியாக இழுக்கிற கியர் வீல். விசை செட்டிங் எல்லாவற்றையும் 100-ல் வைத்திருக்கிறேன்.

பனிமூட்டம்:
எல்லாமே 100-ஆ? அங்கேதான் கோளாறு. கேம் அனுப்பும் விசை மோட்டாரின் உச்சத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. டயர் வழுக்குவதும் டிராக் ஓரத்துக் கெர்ப் மேல் ஏறுவதும் கைக்கு ஒரே முரட்டு இழுப்பாகத்தான் இருக்கும். கேமுக்குள் பெடல் ஆப்பைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். வளைவில் விசைப் பட்டை அடிக்கடி சிவப்பானால் கெயினை, அதாவது விசையின் அளவை, குறையுங்கள். 60, 70-ல் ஆரம்பிக்கலாம்.

வீலின் டிரைவர் மென்பொருளில் சென்டரிங் ஸ்பிரிங் (வீலை எப்போதும் நடுவுக்கு இழுக்கும் செட்டிங்) இருந்தால் அணைத்துவிடுங்கள். வீலின் சுழற்சி டிரைவரிலும் கேமிலும் 900 டிகிரி என்றே இருக்கட்டும்.

நேர் ரோட்டில் கையை எடுத்துவிடுகிறீர்களா? கார் நேராகத் திரும்ப கேம் விசை கொடுக்கிறது, அது மோட்டாருக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. வீல் நடுவைத் தாண்டிவிடும், உடனே எதிர்ப்பக்கம் இழுக்கும். உங்கள் கையின் கனம்தான் அதை அடக்கும். இறுக்க வேண்டாம், முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்தால் போதும்.

ஆமாம், வீலை எதில் மாட்டியிருக்கிறீர்கள்?

பிக்கப் அண்ணன்:
நான் மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி இறக்குகிறவன். நிஜ வண்டியில் ஸ்டீயரிங் இப்படிக் கையைப் பிடுங்கவே பிடுங்காது. இதெல்லாம் விளையாட்டுச் சாமான்.

பழைய பெருச்சாளி:
உங்கள் பவர் ஸ்டீயரிங் அதை மறைக்கிறது. வளைவை முடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் உங்கள் ஸ்டீயரிங்கும் தானாகத்தானே நேராகிறது? அதே விசைதான் இதுவும்.

பிக்கப் அண்ணன்:
பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியிலும் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவையும் இறங்கியிருக்கிறேன் சார். இரண்டாவது கியரில்.

குன்னூர் வோல்ட்டேஜ்:
கல்லட்டியில் லோடோடு இரண்டாவது கியரா? பிரேக் கருகிய வாசனை மசினகுடி வரை வந்திருக்குமே. முதல் கியர்தான்.

பிக்கப் அண்ணன்:
வளைவுக்கு முன்னால் முதல், இடையில் இரண்டாவது. ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

(கல்லட்டி பற்றி இன்னும் 11 பதில்கள். ஒருவர் பர்லியார் பக்கம் யானை நின்ற கதையையும் சொல்லிவிட்டார்.)

பனிமூட்டம்:
கோத்தகிரித் தம்பி, மேசை?

கோத்தகிரிப் பையன்:
துணி தேய்க்கிற மடக்கு மேசை அண்ணா.

பழைய பெருச்சாளி:
கடவுளே.

கோத்தகிரிப் பையன்:
அப்பாவின் மர மேசைக்கு மாற்றிவிட்டேன். கெயின் 65. ஸ்பிரிங் அணைத்தாயிற்று. இப்போது ஆடவில்லை. நேற்று நான்கு சுற்று சுவரில் மோதாமல் வந்தேன். நன்றி, கரண்ட் போகப் பார்க்கிறது

குன்னூர் வோல்ட்டேஜ்:
நான் சொன்னேனே.

பனிமூட்டம்:
மேசையா, கெயினா, எது சரிசெய்தது? ஒவ்வொன்றாக மாற்றினீர்களா, மொத்தமாகவா? ஞாயிறு ரேஸ் என்ன ஆயிற்று?

பனிமூட்டம்:
தம்பி?