பந்து −1 வினாடியில் தரையில் இருக்குமா? இருபடிச் சமன்பாட்டின் இரண்டாவது விடை

தேடல்காரன்:
இரண்டு நாளாக ஒரே கணக்கில் நிற்கிறேன். 25 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியில் இருந்து ஒரு பந்தை நேர் மேலே வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிகிறோம், ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்ளலாம், பந்து எப்போது தரையில் விழும்? எறிந்ததில் இருந்து கழிந்த வினாடிகளை நே என்று எடுத்துக்கொண்டேன்.

உயரம் = 25 + 20நே − 5நே²

தரை என்றால் உயரம் 0. சுருக்கினால் நே² − 4நே − 5 = 0, அதாவது (நே − 5)(நே + 1) = 0. விடை 5 அல்லது −1.

5 புரிகிறது. −1ஐ மட்டும் "நேரம் குறை எண்ணாக வராது, அடித்துவிடு" என்றார்கள். அடித்துவிட்டேன், மதிப்பெண்ணும் வந்துவிட்டது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. சரியான சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தால் தப்பான விடை எப்படி வரும்?

கோட்டுச்சித்திரம்:
தப்பான விடை இல்லை, அதற்கும் அர்த்தம் உண்டு. நீங்கள் மாடியில் நின்று எறிந்தது சமன்பாட்டுக்குத் தெரியாது. நே = 0 ஆகும்போது பந்து 25 மீட்டரில் இருக்கிறது, மேல் நோக்கி 20 வேகத்தில் போகிறது, அவ்வளவுதான் அதற்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதே பந்தைக் கீழே தரையில் இருந்து ஒருவர் ஒரு வினாடி முன்பே எறிந்திருந்தால்? −1இல் திசைவேகம் 20 + 10 = 30. 30 வேகத்தில் கிளம்பிய பந்து ஒரு வினாடியில் 30 − 5 = 25 மீட்டர் ஏறியிருக்கும், வேகமும் 20க்குக் குறைந்திருக்கும். மாடியில் உங்கள் கையைத் தாண்டும்போது அச்சு அசலாக நீங்கள் எறிந்த பந்துதான்! 5ஆவது வினாடியில் அது தரையைத் தொடும் வேகத்தையும் பாருங்கள், 20 − 50 = −30. கிளம்பிய அதே வேகம், திசை மட்டும் கீழே. முழுப் பரவளையத்தின் இரண்டு கால்கள்தான் −1உம் 5உம், உங்கள் கணக்கு அதை நடுவில் இருந்து தொடங்குகிறது.

நள்ளிரவுக்கணக்கு:
மேலே சொன்னது அருமை. இதே பந்து எப்போது 40 மீட்டரில் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நே² − 4நே + 3 = 0, விடை 1, 3. இரண்டுமே உண்மை, ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. 45 மீட்டர் என்று போட்டால் 2 மட்டும்தான் வரும், அது உச்சி. 50 என்று போட்டால் நே² − 4நே + 5 = 0, தன்மைகாட்டி, அதாவது வர்க்கமூலக் குறிக்குள் வரும் b² − 4ac, 16 − 20 = −4, மெய் மூலமே (மெய்யெண் விடையே) இல்லை, அதாவது பந்து அந்த உயரத்தை எட்டவே எட்டாது. பள்ளியில் தன்மைகாட்டியை வெறும் சூத்திரமாகப் படித்த எனக்கு இது தெரிந்த நாளில் அவ்வளவு சந்தோஷம்.

தேடல்காரன்:
அப்போ மிகை எண் வந்தால் வைத்துக்கொள்ளலாம், குறை எண் வந்தால் "அதற்கு முன்பு" என்று படிக்கலாம். சரியா?

கோட்டுச்சித்திரம்:
இல்லை, குறியை நம்பாதீர்கள். ஒரு கார் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரில், போகும்போது பிரேக் பிடிக்கிறது, வேகம் வினாடிக்கு 4 வீதம் குறைகிறது. 42 மீட்டர் கடக்க எவ்வளவு நேரம்? 20நே − 2நே² = 42, விடை 3, 7. இரண்டும் மிகை எண்தான். ஆனால் கார் 5ஆவது வினாடியிலேயே, 50 மீட்டரில், நின்றுவிட்டது. பிரேக் காரைப் பின்னால் தள்ளாது, அதனால் 7 பொய். பந்தை ஈர்ப்பு விசை உச்சிக்குப் பிறகும் கீழே இழுக்கிறது, அதனால் பந்தின் 40 மீட்டர் கணக்கில் இரண்டாவது விடையான 3 மெய். ஒவ்வொரு மூலம் வரும்போதும், அந்த நேரத்தில் இந்தச் சமன்பாடு நடப்பில் இருந்ததா என்று மட்டும் கேளுங்கள்.

தேடல்காரன்:
இப்போது பிடிபட்டது. நானே போட்டுப் பார்த்தேன். அதே காருக்கு முன்னால் 48 மீட்டரில் சுவர் இருந்தால் விடை 4, 6. 6ஐ விட்டுவிட்டேன், 4ஆவது வினாடியில் வேகம் இன்னும் 4 இருக்கிறது, அப்படியே போய் மோதும். 60 மீட்டரில் சுவர் என்றால் தன்மைகாட்டி −20, தப்பித்தோம்.

நள்ளிரவுக்கணக்கு:
கணக்கு சரி, ஆனால் 60இல் தப்பித்தோம் என்று அவசரப்பட வேண்டாம். சுவரைப் பார்த்த கணமே கால் பிரேக்குக்குப் போகாது. அதற்கு 1 வினாடி ஆனால் 20 மீட்டர் அப்படியே போய்விடும், மிச்சம் 40 மீட்டர்தான். 20நே − 2நே² = 40 என்று போட்டால் நே² − 10நே + 20 = 0, தன்மைகாட்டி 20, மிகை எண்ணாகிவிட்டது. முதல் மூலம் சுமார் 2.76, அப்போது வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர். மணிக்கு 32 கிலோமீட்டரில் சுவரில் மோதுகிறோம்.