ஜிடிபியில் எல்எக்ஸ் கட்டளைகள் வரவில்லை, அவசரம்

நிலாவெளி_மாணவன்:
வணக்கம். என் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) மாட்யூலில் இணைப்புப் பட்டியலை நடக்கும் லூப் பாதியில் விழுந்துவிடுகிறது. ஜிடிபி என்ற டிபக்கரில் (பிழை தேடும் கருவியில்), கெர்னலைப் பார்க்க உதவும் எல்எக்ஸ்-பிஎஸ், எல்எக்ஸ்-சிம்பல்ஸ் எதை அடித்தாலும் அப்படியொரு கட்டளை இல்லை என்கிறது. கையால் பார்த்தால் குப்பை எண்கள்தான். நாளை காலை காட்ட வேண்டும். திருகோணமலையில் இரண்டு நாளாக மழை, மின்சாரம் போய்ப் போய் வருகிறது. உதவுங்கள்.

மூதூரான்:
எந்தக் கெர்னல் பதிப்பு? நீங்களே கம்பைல் செய்ததா? கியூஎம்யு மெய்நிகர் இயந்திரத்திலா, நேரடி இயந்திரத்திலா? ஜிடிபி திறந்ததும் முதல் வரிகளில் என்ன சொல்கிறது?

கடற்கரை_வீதி:
கேஏஎஸ்எல்ஆர்தான், ஒவ்வொரு பூட்டிலும் கெர்னலின் முகவரியை நகர்த்தும் ஏற்பாடு. பூட் வரியில் நோகேஏஎஸ்எல்ஆர் சேருங்கள். எனக்கு எப்போதும் அதுதான் காரணம்.

மூதூரான்:
முகவரி நகர்ந்தால் மதிப்புகள் தவறாகும், கட்டளையே காணாமல் போகாது.

பழைய_கெர்னலாளர்:
தம்பி, ஆவணத்தைப் படித்திருந்தால் இந்த இழையே தேவையில்லை. இக்கட்டளைகள் 2015இல் 4.0 பதிப்போடு வந்தவை. அதற்கு முன்பு கெர்னலிலிருந்து செய்தி அச்சிடும் பிரிண்ட்கே ஒன்றைக்கொண்டே பிழை பிடித்தோம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தமக்கு டிபக்கர் பிடிக்காது என்று 2000ஆம் ஆண்டில் எழுதியவர்.

மூதூரான்:
அவருடைய கெர்னலில்தான் 2008இல், 2.6.26 பதிப்பில், கேஜிடிபி என்ற கெர்னல் டிபக்கர் சேர்ந்தது. பிரிண்ட்கே வரியொன்றை மாற்றினால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மின்சாரம் நிலைக்காத ஊரில் அதற்கு நேரம் எங்கே?

பழைய_கெர்னலாளர்:
கருவி பட்டியலைக் காட்டும். பட்டியல் எப்படிக் கட்டப்பட்டது என்பதை மூளைதான் காண வேண்டும்.

உப்புவெளி_அக்கா:
விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு நாளை காலை வேலை இருக்கிறது. தம்பி, கம்பைல் அமைப்பில் ஜிடிபி ஸ்கிரிப்ட்ஸ் இயங்க வேண்டும், டிபக் இன்ஃபோ ரெடியூஸ்ட் அணைந்திருக்க வேண்டும். இரண்டும் சரியென்றாலும், தான் நம்பாத கோப்புறையிலிருந்து ஸ்கிரிப்டை ஏற்ற ஜிடிபி மறுக்கும். ஜிடிபி தொடங்கும்போது படிக்கும் உங்கள் ஜிடிபிஇனிட் கோப்பில் கெர்னல் கோப்புறையைப் பாதுகாப்பான பாதையாகச் சேருங்கள். பிறகு எல்எக்ஸ்-சிம்பல்ஸ் கொடுத்தால் மாட்யூலின் குறியீடுகள் ஏறும். குப்பை எண்களுக்குக் காரணம் வேறு: பட்டியலின் நெக்ஸ்ட் சுட்டி காட்டுவது அடுத்த ஸ்ட்ரக்டின் (தரவுக் கட்டமைப்பின்) தொடக்கத்தை அல்ல, அதற்குள் பதிந்திருக்கும் லிஸ்ட்-ஹெட் என்ற இணைப்பு உறுப்பை. கன்டெய்னர்-ஆஃப் உதவிச் செயற்கூறிடம் சுட்டியையும் ஸ்ட்ரக்டின் பெயரையும் உறுப்பின் பெயரையும் கொடுங்கள், முழு ஸ்ட்ரக்டும் கிடைக்கும்.

நிலாவெளி_மாணவன்:
அக்கா, வந்துவிட்டது! ஏற்ற மறுத்ததாக முதல் வரியிலேயே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. 6.1, கியூஎம்யு, நானே கம்பைல் செய்தது. பட்டியலின் இணைப்புகளைச் சோதிக்கும் எல்எக்ஸ்-லிஸ்ட்-செக், பட்டியல் சரி என்கிறது. ஆனால் லூப் விழுந்த கணுவின் நெக்ஸ்ட் 'டெட்' (dead) என்று தொடங்கி 100 என்று முடிகிறது.

பழைய_கெர்னலாளர்:
அது நீக்கப்பட்ட கணுவில் கெர்னல் வேண்டுமென்றே வைக்கும் நச்சு முகவரி. லூப்புக்குள்ளேயே கணுவை நீக்குகிறாய். அடுத்த கணுவை முன்பே எடுத்துவைக்கும் லிஸ்ட்-ஃபார்-ஈச்-என்ட்ரி-சேஃப் லூப்பைப் பயன்படுத்து.

நிலாவெளி_மாணவன்:
ஓடுகிறது. நன்றி ஐயா, நன்றி அக்கா. மின்சாரம் போ